ஏழு மில்லிமீட்டர் துண்டுக்கு இரண்டு பொட்டு

போன மாதம், நான் வேலைபார்த்த தொழிற்சாலையின் பயிற்சிக்கூடத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி ராயபுரத்தில் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார். அளவு பார்க்கப் புதிதாக ஒரு மின்சாரக் கருவி வந்திருக்கிறதாம். பொருளை அதன்மேல் வைத்தால் போதும், எண் தானாக ஓடி நிற்குமாம். அதனால் எங்கள் காலத்து அளவுத் துண்டுப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்து, கண்ணாடி அலமாரி செய்து உள்ளே வைத்துவிட்டார்கள். எனக்கு ஓய்வு கொடுத்தபோது ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். பெட்டிக்குத்தான் மரியாதை அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

அலமாரியின் பக்கத்தில் மாட்ட, வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து வேலை கற்ற கதையை நான் நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். இளைஞர்களுக்குப் பயன்படும் என்றார். அந்தக் கதையில் இளைஞர்களுக்குப் பயன்படும்படி என்ன இருக்கிறது என்று நானும் இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம், அந்த அலமாரிக்குள் இருக்கும் ஒரு சீட்டு. "இந்த ஏழு மில்லிமீட்டர் துண்டு ஆயுத பூஜையன்று சந்தனம் பட்டுத் துருப்பிடித்தது" என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். பாவம் சந்தனம்.

அப்போது சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது எங்கள் தொழிற்சாலை. ஆயில் இன்ஜின் செய்கிறோம் என்று பெயர். முக்கியமான பாகங்கள் எல்லாம் சுவிட்சர்லாந்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். நாங்கள் பெட்டியை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்து, ஒன்றோடொன்று மாட்டுவோம். நான் பெட்டி தூக்கும் கலாசி. எட்டாம் வகுப்பு வரை மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, கொஞ்சம் இங்கிலீஷும் வரும் என்பதால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தூக்குவேன். மற்றவர்கள் படிக்காமல் தூக்குவார்கள். கனம் ஒன்றுதான்.

இன்ஜினுக்கு எண்ணெய் பீய்ச்சும் பம்புக்குள் விரல் நீளத்தில் ஓர் உருளை உண்டு. அது மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் இன்ஜின் இருமும். அந்த உருளையை இங்கேயே கடைவது என்று இரண்டு தேசத்துக் கம்பெனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அங்கிருந்து ஓர் ஆள் வந்து பன்னிரண்டு பேருக்கு ஒரு வருஷம் பயிற்சி கொடுப்பார். வருஷக் கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் வந்து பரீட்சை வைப்பார். அவர் கையெழுத்துப் போட்டால் உருளை திருவொற்றியூரில் பிறக்கும், நாங்கள் பன்னிரண்டு பேரும் நிரந்தர ஃபிட்டர்கள். போடாவிட்டால் உருளை பழையபடி கப்பலில் வரும், நாங்கள் பழையபடி பெட்டி தூக்கப் போக வேண்டியதுதான்.

வந்தவர் பெயர் ஹூபர். வயது இருபத்தாறு. எங்களில் ஏழு பேர் அவரைவிட மூத்தவர்கள், இரண்டு பேருக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தாள். முதல் நாள் அவர் தேசப்படத்தில் தன் ஊரைக் காட்டினார். சுற்றிலும் கடல் இல்லாததைப் பார்த்து என் பக்கத்தில் நின்ற கோவிந்தசாமிக்கு மனசு கேட்கவில்லை. அவன் திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன். அப்பா, தாத்தா, மாமன், மச்சான் எல்லாரும் கட்டுமரக்காரர்கள். இவனுக்கு மட்டும் கடலில் இறங்கினால் குமட்டும். அந்த அவமானம் தாங்காமல் தொழிற்சாலைக்கு வந்தவன்.

"அந்தோணி, கடலே இல்லியாம்பா அந்த ஊர்ல. தொரைக்கு ஒரு வஞ்சிரம் எட்தாந்து குடுக்கலாமா?" என்று என் காதில் கேட்டான். மறுநாள் கொண்டுவந்தும் கொடுத்தான். ஹூபர் அதை வாங்கி, முதலில் ஸ்கேல் வைத்து நீளம் அளந்தார். இவரிடம் வேலை கற்றுக்கொள்வது சுலபமில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே அளவில் ஊனம். அதனால் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டோம். அவர் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், அவர்கள் சொல்வதை நான் அவரிடம் சொல்வேன். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் அளவுத் துண்டுப் பெட்டியின் சாவியும் என்னிடம் வந்தது.

பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. வழவழப்பான மரம், உள்ளே பச்சைத் துணி, அதில் எண்பத்தேழு எஃகுத் துண்டுகள் ஒவ்வொன்றும் தன் தன் குழியில் நிற்கும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் கனம், ஒன்று ஏழு, ஒன்று இருபது, இப்படி. வேண்டிய அளவுக்குத் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று சேர்த்துவைத்து, கடைந்த உருளை சரியா என்று அதோடு ஒப்பிட வேண்டும். எவ்வளவு குறைந்த துண்டுகளில் சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது. இது ஹூபரின் முதல் சட்டம்.

துண்டைத் தொடும் முறையைக் கற்கவே எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதலில் கை கழுவ வேண்டும். பிறகு துண்டின் மேல் பூசியிருக்கும் வாசலைனைப் பெட்ரோலால் கழுவி, ஷாமி என்கிற மெத்தென்ற தோலால் துடைக்க வேண்டும். அளக்கும் முகத்தில் விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இரண்டு துண்டுகளைக் குறுக்காக வைத்து, மெல்ல அழுத்தி, திருப்பினால், பசை இல்லாமல், காந்தம் இல்லாமல், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு வழவழப்பு. ஹூபர் முதல்முறை செய்து காட்டியபோது கோவிந்தசாமி இரண்டடி பின்னால் போய், இது பில்லி சூனியம் என்று சொல்லிவிட்டான். நான் அதை, பயிற்சிக்கு வந்தவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள் என்று மொழிபெயர்த்தேன்.

இருபது டிகிரி வெப்பத்தில்தான் அளக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். அறையில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டி, தினமும் காலையில் அதைப் பார்த்து ஹூபர் பெருமூச்சு விடுவார். ஒரு வாரம் ராயபுரத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் கட்டிகளை வரவழைத்து, தொட்டிகளில் நிரப்பி, அறையைக் குளிர வைத்துப் பார்த்தார். வெப்பம் இரண்டு டிகிரி இறங்கியது. வாசனைக்கு எண்ணூர் வரையிலிருந்த பூனைகள் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு பூனை லேத்தின் மேல் குட்டி போட்டதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

ஹூபர் கத்த மாட்டார். கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து இரண்டாக மடிப்பார். அதிகக் கோபம் என்றால் நாலாக. அப்புறம் பையில் வைத்துக்கொண்டு பழையபடி பேசுவார். நாங்கள் தூரத்திலிருந்தே மடிப்பை எண்ணிக்கொள்வோம். இன்றைக்கு ரெண்டு மடிப்பு, இன்றைக்கு நாலு மடிப்பு என்று சாப்பாட்டு நேரத்தில் பேச்சு நடக்கும்.

இன்னொரு சட்டமும் அவரிடம் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பதிவு நோட்டு. எந்தத் துண்டை, யார், எதற்காக எடுத்தார்கள், துடைத்து வைத்தார்களா, எல்லாம் அதில் ஏற வேண்டும். எழுதுவது என் வேலை. முதல் நாளே என்னிடம் சொன்னார், நடந்ததை எழுது, நடந்திருக்க வேண்டியதை எழுதாதே என்று. அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் இதுதான் ஆகக் கஷ்டமான வேலை. உருளை கடைவது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வருஷம் முடியப்போகிற நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. பெரிய அதிகாரி கப்பலில் வந்துகொண்டிருந்தார். பூஜை கழிந்து பத்தாம் நாள் பரீட்சை.

இயந்திரங்களுக்கு மாலை போடலாமா என்று ஹூபரிடம் முன்கூட்டியே கேட்டோம், அவர் சரி என்று சொல்லிவிட்டார். பூஜையன்று காலையில் கொஞ்ச நேரம் இருந்து, பூசணிக்காய் உடைப்பதைப் பார்த்து, துண்டுகள் சமமாகத் தெறிக்கவில்லையே என்று வருத்தப்பட்டுவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு மாமல்லபுரம் பார்க்கப் போய்விட்டார். பூஜைக்குக் கோவிந்தசாமிதான் தலைமை. எல்லா லேத்துக்கும் சந்தனம் குங்குமம் ஆயிற்று, சுத்தியலுக்கு ஆயிற்று, அரத்துக்கு ஆயிற்று, வாசல் சைக்கிளுக்கும் ஆயிற்று. அப்புறம் என்னிடம் வந்தான்.

"மாமு, சாவி குடு. எல்லாத்துக்கும் வெச்சிட்டு, ராசா மேரி உள்ள குந்திக்கினு கீது பாரு, அதுக்கு வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? இன்னும் பத்து நாள்ல பரீட்ச வேற கீது."

நான் தயங்கினேன். மாதா கோயிலுக்குப் போகிறவன், அதனால்தான் சாவி தரமாட்டேன் என்கிறான் என்று பதினொரு பேரும் நினைத்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒரு தயக்கம். ஹூபர் என்ன சொல்வாரோ என்பது இன்னொரு தயக்கம். பதினொரு பேர் எதிரில் நின்றார்கள், ஹூபர் மாமல்லபுரத்தில் இருந்தார். சாவியைக் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். பயிற்சியில் கற்றதை நாங்கள் மறக்கவில்லை. கோவிந்தசாமி கை கழுவினான். ஒவ்வொரு துண்டையும் பெட்ரோலால் வாசலைன் போகக் கழுவினான், ஷாமி தோலால் துடைத்தான், ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான், அளக்கும் முகத்தில் மூச்சுக்கூடப் படாமல் பார்த்துக்கொண்டான். பிறகு தீக்குச்சி முனையால் சந்தனத்தைத் தொட்டு, துண்டின் தலையில் நட்ட நடுவில் ஒரு பொட்டு. அதன்மேல் குங்குமம். எண்பத்தேழு துண்டுக்கும் எண்பத்தேழு பொட்டு, ஒன்றுகூடக் கோணவில்லை. ஹூபர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்று நாங்கள் நிஜமாகவே நம்பினோம்.

மறுபடி வாசலைன் பூசவில்லை. பூசினால் பொட்டு வழுக்கிவிடும் என்பதால்.

எல்லாரும் சுண்டல் வாங்கப் போனார்கள். பெட்டியைப் பூட்ட நான் மட்டும் நின்றேன். எண்பத்தேழும் பொட்டோடு வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பரீட்சை எனக்கும்தான். எல்லாருடைய சாமியும் வந்து பார்த்தாயிற்று, என் சாமி மட்டும் வெளியே நிற்கிறாரே என்று இருந்தது. அன்று காலையில் என் மனைவி கோயிலிலிருந்து மந்திரித்த தீர்த்தத்தை ஒரு சின்னக் குப்பியில் பிடித்து, பரீட்சை வரைக்கும் இருக்கட்டும் என்று என் சட்டைப் பையில் போட்டிருந்தாள். எடுத்தேன். எண்பத்தேழுக்கும் தெளிக்கப் போதாது. தேவதிரவிய அனுமானங்கள் என்னும் திருச்சடங்குகள் ஏழு என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்தது ஞாபகம் வந்தது. ஏழு மில்லிமீட்டர் துண்டின்மேல் ஒரே ஒரு சொட்டு விட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, மூடிப் பூட்டினேன். இரண்டு நாள் விடுமுறை.

மூன்றாம் நாள் காலை ஹூபர் பெட்டியைத் திறந்தார். கைக்குட்டையை எடுத்தார். இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், எட்டாக, பதினாறாக மடித்து, அதற்குமேல் மடியாது என்று ஆனதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். நாங்கள் பன்னிரண்டு பேரும் மடிப்பு எண்ணுவதை விட்டுவிட்டோம்.

அன்று முழுவதும் பெட்ரோலில் கழுவினோம். எண்பத்தாறு துண்டுகள் பழையபடி பளிச்சென்று ஆகிவிட்டன, தலையில் இருந்த சந்தனம் தடம்கூட இல்லாமல் போயிற்று. ஏழு மட்டும் போகவில்லை. அதன் அளக்கும் முகத்தில், மேலிருந்து கீழே ஒரு கோடாகத் துரு இறங்கியிருந்தது. ஒட்டிப் பார்த்தால் எதோடும் ஒட்டவில்லை. சுவிட்சர்லாந்திலிருந்து வேறு துண்டு வர ஒன்றரை மாதம். பரீட்சைக்கு ஏழு நாள். ஒரு துண்டைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் உருளையை எப்படிக் கடைவார்கள் என்று அதிகாரி ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது எங்கள் கதை.

ஹூபர் இரண்டு நாள் அந்தத் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். காகிதத்தில் படம் போட்டார். மூன்றாம் நாள் எங்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்டார். அவர் கேட்டதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். சந்தனம் எண்பத்தேழுக்கும் வைத்தீர்கள், துரு ஒன்றில்தான் இருக்கிறது. சந்தனம் தலையில் இருந்தது, துரு முகத்தில் இருக்கிறது. ஆகவே காரணம் வேறு ஏதோ. அது என்ன? சொல்லாவிட்டால், காரணம் தெரியாது என்று அதிகாரியிடம் சொல்வேன், அதோடு பயிற்சி முடிந்தது. இதைத்தான் அவர் கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். கேள்வியை மொழிபெயர்த்தவனே பதிலையும் பையில் வைத்திருந்தான். காலிக் குப்பி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

கோவிந்தசாமி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஓரடி முன்னால் வந்தான்.

"தொரை கையில சொல்லு அந்தோணி. அதுக்கு மட்டும் நான் ரெண்டு பொட்டு வெச்சேன். ஏழு பா, ஏழுமலையான் நம்பரு. சும்மா வுட மனசு வரல. ரெண்டாவது பொட்டு தண்ணியா இருந்திச்சி, வழிஞ்சிட்ச்சி."

அவன் வைக்கவில்லை. பெட்டியைப் பூட்டியவன் நான், எண்பத்தேழையும் பார்த்தவன் நான். ஒவ்வொன்றுக்கும் ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் அவன் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். ஏழுமலையானை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஏழு மலைக்குச் சொந்தக்காரர், எங்கள் ஊர்ப் பக்கம் மிகவும் முக்கியமானவர் என்றேன். மலை நிறைய உள்ள தேசத்துக்காரர் என்பதாலோ என்னவோ ஹூபர் தலையசைத்தார். காரணம் கிடைத்ததும் கைக்குட்டை பிரிந்தது. என்னைப் பார்த்து, நடந்ததை எழுது என்றார். நான் நோட்டில் எழுதினேன். சந்தனம், எண்பத்தேழு துண்டு. குங்குமம், எண்பத்தேழு துண்டு. ஏழு மில்லிமீட்டருக்கு மட்டும் சந்தனம் இரண்டு முறை. காரணம், கடவுள்.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எஃகுத் துண்டு என்றால் என்ன என்று சாமியாருக்குக் கிராதிக்கு இந்தப் பக்கமிருந்து விளக்கவே வெகு நேரம் ஆயிற்று, பின்னால் நின்றவர்கள் நான் கொலை செய்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தீர்த்தத்தில் மந்திரித்த உப்புப் போடுவது வழக்கம் என்று அப்போதுதான் அவர் எனக்குச் சொன்னார். உப்புத் தண்ணீர் எஃகை விடுமா? உப்பைக் கொஞ்சம் தாராளமாகத்தான் போட்டுவிட்டோம் என்று அவரும் வருத்தப்பட்டார். எனக்கு இரண்டு அபராதம் கொடுத்தார். ஒன்று, ஜெபமாலை முழுவதும் சொல்ல வேண்டும். இரண்டாவது, பழியைச் சுமந்தவனிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் அபராதத்தை அன்று மாலையே முடித்துவிட்டேன்.

இப்போது ஏழு இல்லாமல் பரீட்சை எழுத வேண்டும். ஹூபர் பொய் சொல்லமாட்டார், மறைக்கவும் மாட்டார். ஆனால் ஏழு இல்லாமல் கணக்குப் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்றார். மிச்சமிருந்த நாட்களில் எங்களுக்கு அதுதான் வேலை. ஏழு வேண்டிய இடத்தில் ஆறரையும் அரையும், இல்லாவிட்டால் ஐந்தும் இரண்டும். சாப்பிடும்போதும் ரயிலிலும் ஒருவருக்கொருவர் அளவு சொல்லிக் கேட்டுக்கொண்டோம். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒருவன் தூக்கத்தில் எண் சொல்வதாக அவன் மனைவி தொழிற்சாலை வாசலுக்கே வந்து புகார் சொன்னாள். மீன் ஏலத்துக்கு நடுவில் வளர்ந்த கோவிந்தசாமிதான் எல்லாரையும்விட வேகம். கேட்டு முடிப்பதற்குள் துண்டு அவன் கையில் இருக்கும்.

பெரிய அதிகாரி வந்தார். பருத்த உடம்பு, சிரிக்காத முகம், கோட்டில் சங்கிலிக் கடிகாரம். முதலில் நாங்கள் கடைந்த உருளைகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதாவது நன்றாக இருக்கிறது. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஓர் அளவு கொடுத்தார். மூன்று பேர் தப்பித்தார்கள், அவர்களுக்கு ஏழு தேவைப்படவில்லை. நாலாவது கோவிந்தசாமி. அவனுக்கு வந்தது இருபத்தெட்டு புள்ளி நாலு ஐந்து.

இருபது, ஏழு, ஒன்று புள்ளி நாலு ஐந்து. மூன்றே துண்டு. எனக்கே தெரியும், எல்லாருக்கும் தெரியும். கோவிந்தசாமி கை கழுவினான், துடைத்தான், இருபதை எடுத்தான், ஆறரையை எடுத்தான், அரையை எடுத்தான், ஒன்று புள்ளி நாலு ஐந்தை எடுத்தான். நாலையும் ஒட்டி, சலாம் வைத்து நீட்டினான். அளவு கச்சிதம். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூன்றில் முடிவதற்கு ஏன் நாலு என்று ஹூபரைக் கேட்டார். ஹூபரின் காது சிவந்துவிட்டது. பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி, துருப்பிடித்த ஏழைக் காட்டினார். அதன் பக்கத்தில் பதிவு நோட்டை விரித்து வைத்தார்.

அதிகாரி என் இங்கிலீஷைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். காரணம், கடவுள் என்ற இடத்தில் விரலை வைத்து, யார் இதைச் செய்தது என்றார். கோவிந்தசாமி கையைத் தூக்கினான். எனக்கும் கையைத் தூக்க வேண்டும் போலத்தான் இருந்தது. தோள்வரை வந்த கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததை எழுதுகிறேன்.

அதிகாரி உட்கார்ந்துகொண்டு கோவிந்தசாமிக்கு இன்னொரு அளவு கொடுத்தார். ஏழு வருகிற மாதிரி. அப்புறம் ஒன்று, அதிலும் ஏழு. வேண்டுமென்றே கொடுக்கிறார் என்று புரிந்தது. கோவிந்தசாமி ஒவ்வொன்றையும் ஏழைத் தொடாமல் அவர் பென்சில் நிமிர்வதற்குள் சேர்த்து வைத்தான். பிறகு எல்லாரையும் அதேபோல் கேட்டார். ஒருவரும் தவறவில்லை. கடைசியில் ஹூபரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்ன சொன்னார் என்று அப்புறம் கேட்டேன். பல தேசத்துத் தொழிற்சாலைகளைப் பார்த்தாயிற்று, எல்லா இடத்திலும் அளவுத் துண்டைக் கெடுத்திருக்கிறார்கள், எங்கேயும் நோட்டில் எழுதியதில்லை என்றாராம். அதைக் கேட்டபோது மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு நோட்டில் எழுதாத ஒரு சொட்டு ஞாபகம் வந்தது.

ஹூபர் இன்னும் ஒரு வருஷம் இருந்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால் அவரே ஒரு படம் வரைந்து கொண்டுவந்தார். பெட்டியின் மரமூடியில் எந்த இடத்தில் பொட்டு வைக்க வேண்டும், பொட்டின் விட்டம் எவ்வளவு, சந்தனத்தின் கனம் எவ்வளவு, எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம், எப்போது துடைக்க வேண்டும், எல்லாம் அளவோடு. கீழே கையெழுத்து. பூஜையன்று கோவிந்தசாமி வைத்த பொட்டை மைக்ரோமீட்டரில் அளந்தார். சரியாக இருந்தது. தன் நெற்றியைக் காட்டினார். கோவிந்தசாமி அங்கேயும் அதே அளவில் ஒன்று வைத்தான். ஊருக்குப் போன பிறகும், அங்கே அவர்கள் தொழிற்சாலையில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் கடிதம் எழுதினார். எதற்கு என்றுதான் எங்களுக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து கோவிந்தசாமி என்ற பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. தொழிற்சாலையில் அவன் சந்தனம். பிறகு திருவொற்றியூர் முழுக்கச் சந்தனம். தபால்காரருக்கும் சந்தனம் என்றால்தான் தெரியும். மகள் கல்யாணப் பத்திரிகையில் சந்தனம் கோவிந்தசாமி என்றே அச்சடித்தான். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்வான், சொல்லச் சொல்ல இரண்டு பொட்டு நாலாகி, நான் ஓய்வு பெறும்போது ஏழு பொட்டாகியிருந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது.

அந்த இளம் அதிகாரி வந்துவிட்டுப் போன மறுநாள், இனியும் தள்ளக்கூடாது என்று பஸ் ஏறித் திருவொற்றியூர் போனேன். சந்தனம் வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தான். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி, சொட்டு, உப்பு, சாமியார், ஒன்றுவிடாமல். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"தண்ணிதானா?" என்றான்.

"தீர்த்தம்."

"த்தூ. அன்னிக்கி தொரை கேக்கசொல்ல உன் மூஞ்சி சுண்ணாம்பு மேரி கீது. சரி, இவன் இன்னாவோ பண்ணிட்டான்னு தெரிஞ்சுது. இன்னான்னு தெரியல. அது மேல வெத்தல எச்சி துப்பிட்டியோன்னு நெனச்சிக்கினு கீறேன் இத்தினி நாளா. அதான் நாந்தான்னு சொன்னேன்."

காரணம் தெரியாமலே பழியை எடுத்துக்கொண்டிருக்கிறான், அதைப் பற்றி ஒரு நாள்கூட என்னைக் கேட்கவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதி, அலமாரியில் இருக்கும் சீட்டையும் மாற்றச் சொல்லப்போகிறேன் என்றேன். அதைக் கேட்டதும்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

"அத்த மாத்தினா நான் யாரு மாமு? முப்பது வருசமா நான் சந்தனம். என் பேத்தி இஸ்கூல்ல சந்தனம் பேத்தி. இப்போ வந்து தண்ணிங்கிற. நான் போயி தண்ணி கோவிந்தசாமின்னு சொல்லிக்கவா?"

வெகுநேரம் பேரம் பேசி, சீட்டு அப்படியே இருக்கட்டும், பழைய பதிவு நோட்டில் மட்டும் ஒரு வரி சேர்க்கலாம் என்று முடிவு செய்தோம். கடைசியில் இருவரும் சேர்ந்து பயிற்சிக்கூடத்துக்குப் போனோம். இளம் அதிகாரி அலமாரியைத் திறந்து பழைய பதிவு நோட்டை எடுத்துக் கொடுத்தார், நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. ஏழு மில்லிமீட்டர், தீர்த்தம், ஒரு சொட்டு, செய்தவன் அந்தோணி என்று எழுதினேன். என் இரண்டாவது அபராதம் முடிந்தது. முப்பது வருஷமாகக் காலியாக இருந்த இடம் நிரம்பியதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. சந்தனம் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டான். திருப்தியாகவில்லை. வரியின் கடைசியில், சந்தனமும்தான் என்று சேர்த்து எழுதச் சொன்னான்.

ஹூபர் மன்னிக்கட்டும். எழுதினேன்.